நோயாளி ஒருவர்தான்... கதவு மட்டும் ஏன் இரண்டு?

"முதல்ல குடியை நிறுத்தச் சொல்லுங்கம்மா. மூணு மாசம் குடிக்காம இருக்கட்டும். அப்புறம் கூட்டிட்டு வாங்க, மனசுக்கு வைத்தியம் பார்க்கலாம்."

"இவருக்கு மனசு சரியில்லாத மாதிரி தெரியுதும்மா. முதல்ல அதுக்கு வைத்தியம் பாருங்க. அப்புறம் இங்க சேர்த்துக்கலாம்."

முதல் பதில் மனநலப் பிரிவின் வாசலில் கிடைப்பது. இரண்டாவது பதில் போதை மறுவாழ்வு மையத்தின் வாசலில் கிடைப்பது. இரண்டு வாசலுக்கும் நடுவில், மஞ்சள் பையில் பழைய மருந்துச் சீட்டுகளோடு நிற்பது ஒரு தாய். பக்கத்துப் பெஞ்சில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருப்பது அவருடைய மகன்.

அந்தத் தாய்க்கு ஒரே ஒரு கேள்விதான். "எம் பையன் ஒருத்தன்தானே சாமி... அவனை எப்படி ரெண்டாப் பிரிச்சுக் கூட்டிட்டு வர்றது?"

இந்தத் தாய் யாரென்று கேட்க வேண்டாம். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், உங்கள் தெருவிலேயே ஒருவர் இருப்பார். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு அவருடையது அல்ல. போதைப் பழக்கமும் மனநோயும் ஒரே ஆளிடம் சேர்ந்து இருந்தால், இரண்டுக்கும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் சிகிச்சை தரவேண்டும். "அதை முடித்துவிட்டு இதற்கு வா" என்று திருப்பி அனுப்புவது நோயாளியைக் கைவிடுவதற்கு ஒரு நாகரிகமான பெயர், அவ்வளவுதான்!

இது அபூர்வமான விஷயமா?

இல்லை. இரண்டும் சேர்ந்து வருவது மிகச் சாதாரணம்.

அமெரிக்காவில் 5 இடங்களில் சுமார் 20,000 பேரிடம் நடத்திய பெரிய ஆய்வின் முடிவுகள் 1990-ல் வெளியாயின. மனச்சிதைவு நோய் உள்ளவர்களில் 47 சதவீதம் பேருக்கு வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் மது அல்லது போதைப்பொருள் பிரச்சினை இருந்தது. ஒரு சமயம் அளவில்லாத உற்சாகம், இன்னொரு சமயம் எழுந்திருக்கவே முடியாத சோர்வு என்று மாறி மாறி வருமே, அந்த இருமுனைக் கோளாறு உள்ளவர்களில் 56 சதவீதம். எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தால், மதுப் பிரச்சினை உள்ளவர்களில் 37 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருந்தது.

இந்தியாவுக்கு வருவோம். பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-ல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் தேசிய மனநலக் கணக்கெடுப்பு நடத்தியது. 18 வயதைத் தாண்டியவர்களில் 4.6 சதவீதம் பேருக்கு மதுவால் வரும் கோளாறு இருந்தது. அவர்களில் சுமார் 86 சதவீதம் பேர் எந்தச் சிகிச்சையும் பெறவில்லை. 2019-ல் சமூக நீதி அமைச்சகம் வெளியிட்ட எய்ம்ஸ் ஆய்வு இதையே வேறு விதமாகச் சொன்னது. மதுவுக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைக்கிறதாம்.

அந்த ஒருவரையும் வாசலில் வைத்துத் திருப்பி அனுப்பினால் எப்படி?

எது முதலில்?

குடித்ததால் மனசு கெட்டதா? மனசு கெட்டதால் குடித்தாரா? திண்ணையில் உட்கார்ந்து விவாதிக்க நல்ல தலைப்புதான். ஆனால் ஆளுக்கு ஆள் பதில் மாறும்.

சிலர் காதில் கேட்கும் குரல்களை அடக்கக் குடிக்கிறார்கள். சிலர் தூக்கம் வராமல் குடிக்கிறார்கள். சிலர் நாலு பேர் முன்னால் பேசப் பயந்து குடிக்கிறார்கள். எட்வர்ட் கான்ட்சியன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1985-ல் இதை 'தனக்குத்தானே மருந்து போட்டுக்கொள்வது' என்று விளக்கினார். இந்த மருந்து ராத்திரிக்குக் கேட்கும், காலையில் நோயை இரண்டு மடங்காகத் திருப்பித் தரும். அதுதான் சிக்கல்.

வேறு சிலருக்கு இது தலைகீழ். நல்ல மனநிலையில் இருந்தவர்தான். வருடக்கணக்கில் குடித்ததில் மூளை பழுதாகி, பயமும் சந்தேகமும் சோர்வும் வந்து சேர்கின்றன. இன்னும் சிலருக்கு இளமையில் பட்ட அடி, வறுமை, பரம்பரை என்று ஒரே வேரிலிருந்து இரண்டும் முளைக்கின்றன.

எது முதலில் வந்தது என்பது மருத்துவருக்கு உதவும் தகவல். ஆனால் அதைக் கண்டுபிடிக்கும் வரை சிகிச்சையைத் தள்ளிப்போட முடியுமா? வீடு பற்றி எரிகிறது. அடுப்பிலிருந்து பிடித்ததா, மின்சாரத்திலிருந்து பிடித்ததா என்று தெரிந்த பிறகுதான் தண்ணீர் ஊற்றுவோம் என்று யாராவது சொல்வார்களா?

குடியை விட்டால் எல்லாம் சரியாகிவிடுமா?

"குடியை விட்டுட்டா எல்லாம் தானா சரியாப் போயிடும்." பெரியவர்கள் அடிக்கடி சொல்லும் வார்த்தை இது. இதற்குப் பதில் சொல்ல ஒரு மனிதரின் வாழ்க்கை போதும்.

பில் வில்சன். உலகம் முழுவதும் குடிநோயாளிகளுக்குக் கை கொடுக்கும் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' அமைப்பை 1935-ல் தொடங்கிய இருவரில் ஒருவர். அவர் கடைசியாகக் குடித்தது 1934 டிசம்பரில். அதன் பிறகு சாகும் வரை தொடவில்லை. ஆனால் 1944 முதல் 1955 வரை, ஏறக்குறைய 11 வருடம், அவரைக் கடுமையான மனச்சோர்வு ஆட்டிப்படைத்தது. மனநல மருத்துவரிடம் போனார். லட்சக்கணக்கானவர்களைக் குடியிலிருந்து மீட்ட மனிதருக்கே, குடியை விட்ட 10 வருடம் கழித்து இந்த நிலை!

அவர் மன உறுதி இல்லாதவரா? 1934-லிருந்து ஒரு சொட்டு கூடத் தொடாதவரைப் பார்த்து யார் அப்படிச் சொல்ல முடியும்? ஒரு நோய் அடங்கிவிட்டால் இன்னொரு நோயும் அடங்கிவிடும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. அவர் வாழ்க்கை சொல்வது அதைத்தான்.

தனித்தனியாகப் பார்த்தால் என்ன ஆகும்?

இரண்டு மருத்துவர், இரண்டு சீட்டு, இரண்டு மருந்து. அவருக்கு இவர் தருவது தெரியாது, இவருக்கு அவர் தருவது தெரியாது. இது வெறும் அலைச்சல் மட்டும் அல்ல, உயிருக்கே ஆபத்து.

குடியை நிறுத்த டைசல்ஃபிரம் என்ற மாத்திரை தருவதுண்டு. அதைச் சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, நெஞ்சு படபடக்கும். அந்தப் பயத்தில் குடிக்காமல் இருப்பார்கள். ஆனால் மனச்சிதைவு போன்ற நோய் உள்ள சிலருக்கு அந்த மாத்திரையே நோயை அதிகப்படுத்திவிடும். இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. "சாப்பாட்டில் கலந்து கொடுங்கள், அவருக்கே தெரியாமல் குடியை மறப்பார்" என்ற விளம்பரங்களை நம்பி, ஏதோ ஒரு பொடியைக் குழம்பில் கலக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. உள்ளே என்ன இருக்கிறது என்று கலக்குபவருக்கும் தெரியாது, சாப்பிடுபவருக்கும் தெரியாது.

இருமுனைக் கோளாறுக்கு லித்தியம் தருவார்கள். குடித்துக் குடித்து, வாந்தி எடுத்து, உடம்பில் நீர் குறைந்தால் ரத்தத்தில் லித்தியத்தின் அளவு ஏறி விஷமாகிவிடலாம்.

மற்ற மருந்து கேட்காத மனச்சிதைவு நோயாளிக்குக் குளோசபின் தருவார்கள். பீடி, சிகரெட் புகை அந்த மருந்தை உடம்பிலிருந்து வேகமாக வெளியேற்றும். பீடி குடிக்கும் ஒருவருக்கு மருத்துவர் அதற்கேற்ற அளவு எழுதியிருப்பார். அவரைப் புகைக்கவே விடாத ஒரு மறுவாழ்வு மையத்தில் சேர்த்தால்? அதே மாத்திரை, அதே அளவு, ஆனால் ரத்தத்தில் மருந்து கிடுகிடுவென ஏறும். நல்லது செய்யப் போய்க் கெடுதலில் முடியும்.

அப்புறம், குடியைத் திடீரென்று நிறுத்திய இரண்டு முதல் நான்கு நாளில் சிலருக்கு ஏற்படும் குழப்பம். கை நடுங்கும், வியர்க்கும், சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்வார், சொந்த மனைவியையே யாரென்று கேட்பார். "பேய் பிடிச்சிருச்சு" என்று கோயிலுக்குக் கூட்டிப்போவார்கள். உண்மையில் அது உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய அவசரம். விட்டால் உயிரே போகலாம். பார்க்கத்தான் மனநோய் போல இருக்கும். இரண்டும் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால்தான் வித்தியாசம் புரியும்.

இரண்டு அமைச்சகம், இரண்டு எண்

இப்படிப் பிரித்து வைத்தது யார்? மருத்துவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அமைப்பே அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது.

தேசிய மனநலத் திட்டம் 1982-ல் வந்தது, மாவட்ட மனநலத் திட்டம் 1996-ல். இரண்டும் மத்திய சுகாதார அமைச்சகத்தின் கீழ். ஆனால் தொண்டு நிறுவனங்கள் நடத்தும் போதை மறுவாழ்வு மையங்களுக்கு நிதி தருவது சமூக நீதி அமைச்சகம். ஒன்று போதையை மருத்துவமாகப் பார்க்கிறது, இன்னொன்று சமூக நலமாகப் பார்க்கிறது. இரண்டு பார்வையும் தேவைதான். ஆனால் கோப்பு இரண்டாகிவிட்டது.

தொலைபேசி எண்ணிலும் இதே கதைதான். மனநல ஆலோசனைக்கான டெலி மானஸ் எண் 14416. இது 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கியது. போதை மீட்பு உதவி எண் 14446. ஒரே ஒரு இலக்கம்தான் வித்தியாசம்! இரண்டுமே நல்ல சேவை, இரண்டுமே இலவசம். ஆனால் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு, மகன் குடித்துவிட்டு "சாகப்போகிறேன்" என்று கதவைச் சாத்திக்கொண்டிருக்கும்போது, அந்தத் தாய் எந்த எண்ணை அழுத்துவார்?

பதினோராம் வகுப்பில் கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்கு 'வங்கிச் சரிக்கட்டும் பட்டியல்' ஞாபகம் இருக்கும். ரொக்க ஏட்டில் ஒரு தொகை, வங்கி ஏட்டில் வேறு தொகை. ஒரே ஆளின் ஒரே கணக்குதான், ஆனால் இரண்டு பேர் தனித்தனியாக எழுதுகிறார்கள். அதனால் மாதாமாதம் இரண்டையும் பக்கத்தில் வைத்துச் சரிபார்க்கச் சொல்கிறார்கள். பணத்துக்கு இவ்வளவு அக்கறை. மனிதனுக்கு அப்படி ஒரு பட்டியல் போட யாரும் இல்லை.

இறந்த பிறகும் இது தொடர்கிறது. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ல் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். அதில் 'நோய்' என்ற காரணத்தின் கீழ் 18.4 சதவீதம், 'போதை மற்றும் குடிப்பழக்கம்' என்ற காரணத்தின் கீழ் 6.8 சதவீதம். மனநோய் முதல் தலைப்புக்குள் அடங்கும். இரண்டும் சேர்ந்து இருந்தவரை எந்தக் கட்டத்தில் எழுதுவார்கள்?

பணம் யார் கட்டுவது?

சட்டத்தைப் பார்த்தால் சந்தோஷமாக இருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், மது மற்றும் போதைப்பொருளால் வரும் மனநிலைகளையும் 'மனநோய்' என்ற விளக்கத்துக்குள் சேர்த்தது. அதே சட்டத்தின் 21-ஆவது பிரிவு, உடல் நோய்க்குத் தரும் அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்றது.

பாலிசியைப் பிரித்துப் பார்த்தால்? 2019-ல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் தரப்படுத்திய விலக்குப் பட்டியலில் 12-ஆவதாக ஒன்று இருக்கிறது. குடி, போதைப்பொருள் மற்றும் எந்த அடிமைப் பழக்கத்துக்குமான சிகிச்சைக்கும், அதனால் வரும் விளைவுகளுக்கும் பணம் கிடையாது.

ஒரே ஆள், ஒரே படுக்கை, ஒரே வாரம். மனச்சோர்வுக்கான பில்லைக் கேட்கலாம், குடிக்கான பில்லைக் கேட்க முடியாது. பிறகு என்ன நடக்கும்? குடியைச் சீட்டில் எழுதாதீர்கள் என்று குடும்பமே மருத்துவரைக் கெஞ்சும். எழுதாவிட்டால் அடுத்து பார்க்கும் மருத்துவருக்கு அது தெரியாமல் போகும். காசு மிச்சம், ஆனால் சிகிச்சை அரைகுறை.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2003 முதல் தமிழ்நாட்டில் மதுவைச் சில்லறையில் விற்பது அரசு நிறுவனமான டாஸ்மாக். 2023-24 நிதியாண்டில் அதன் மூலம் அரசுக்கு வந்த வருவாய் ரூ.45,855 கோடி. வரவு இவ்வளவு பெரிய எழுத்தில் இருக்கும்போது, அதற்கு எதிரான செலவு வீடுகளுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் போய்க்கொண்டிருக்கிறது. விற்பவருக்கே வைத்தியத்திலும் கடமை உண்டு என்று கேட்பதில் என்ன தவறு?

மறுப்பவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு

"முதலில் குடியை நிறுத்தட்டும்" என்று சொல்லும் மருத்துவர்கள் எல்லோரும் கல் நெஞ்சக்காரர்கள் அல்ல. குடிப்பவர்களிடம் காணும் மனச்சோர்வு பல சமயம் குடியை நிறுத்திய சில வாரங்களிலேயே தானாகக் குறைந்துவிடும். அதற்குள் அவசரப்பட்டு வருடக்கணக்கில் மாத்திரை எழுதிவிடக் கூடாது என்ற எச்சரிக்கை சரியானதே. ஆனால் அந்தச் சில வாரமும் அவரைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு கவனிப்பது வேறு, "சரியானால் வா" என்று வீட்டுக்கு அனுப்புவது வேறு. முதலாவது வைத்தியம். இரண்டாவது கைகழுவல்.

"இந்தியாவில் 1 லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர் கூட இல்லை, சுமார் 0.75தான். எல்லா மையத்துக்கும் ஆளுக்கு எங்கே போவது?" இதுவும் உண்மைதான். ஆனால் ஆள் குறைவாக இருக்கும் இடத்தில்தான் ஒரே நோயாளியை இரண்டு இடத்தில் அலையவிடுவது இன்னும் பெரிய வீண்செலவு.

"சேர்த்துச் சிகிச்சை தந்தால் அதிசயம் நடக்குமா?" நடக்காது. கடுமையான மனநோயும் போதையும் சேர்ந்தவர்களுக்குத் தரும் பலவகை ஆலோசனை முறைகளை ஆராய்ந்த காக்ரேன் மறுஆய்வு ஒன்று 2019-ல் வந்தது. எந்த ஒரு முறையும் மற்றதைவிடத் தெளிவாக உயர்ந்தது என்று அது சொல்லவில்லை. இவை நீண்ட நாள் நோய்கள், மீண்டும் மீண்டும் சறுக்கும். சர்க்கரை நோய் போலத்தான். இனிப்புச் சாப்பிட்டுவிட்டார் என்பதற்காகச் சர்க்கரை நோயாளியை எந்த மருத்துவரும் விரட்டுவதில்லையே? குடித்துவிட்டார் என்பதற்காகக் குடிநோயாளியை மட்டும் ஏன் விரட்ட வேண்டும்?

திருப்பி அனுப்பாத கதவுகள்

எல்லாக் கதவும் மூடினால் குடும்பம் எங்கே போகும்? "இது வேற, அது வேற" என்று சொல்லாமல் எவரையும் சேர்த்துக்கொள்ளும் இடத்துக்குப் போகும். பூட்டிய அறைகளும் அடியும்தான் வைத்தியம் என்று நடத்தப்படும் இல்லங்களுக்குப் போகும். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட முடியாமல் கருகினார்கள். 28 பேர் இறந்தார்கள். அவர்களை அங்கே விட்டுவிட்டு வந்த குடும்பங்களைத் திட்டுவது சுலபம். அதற்கு முன் அவர்கள் எத்தனை கதவைத் தட்டினார்கள் என்று கேட்பதுதான் கடினம்.

என்ன செய்யலாம்?

வானத்தை வில்லாக வளைக்க வேண்டாம். சில சின்னக் காரியங்கள் போதும்.

மனநலப் பிரிவுக்கு வரும் ஒவ்வொருவரிடமும் குடி, புகை, போதை பற்றி மிரட்டாமல் கேட்கவேண்டும். மறுவாழ்வு மையத்துக்கு வரும் ஒவ்வொருவரிடமும் தூக்கம், பயம், குரல்கள், தற்கொலை எண்ணம் பற்றிக் கேட்கவேண்டும். இதற்கு ஆகும் நேரம் பத்து நிமிடம்.

மறுவாழ்வு மையத்துக்கு வாரம் ஒரு நாளாவது மனநல மருத்துவர் வரவேண்டும். வர முடியாத ஊரில் வீடியோ அழைப்பிலாவது பார்க்கவேண்டும்.

ஒரே சீட்டு, ஒரே கோப்பு. எங்கே போனாலும் அதுவே கூடப் போகவேண்டும். 14416-ஐ அழைத்தாலும் 14446-ஐ அழைத்தாலும், "அந்த எண்ணுக்கு அடியுங்கள்" என்று சொல்லாமல் அங்கிருந்தே இணைத்துவிட வேண்டும்.

காப்பீட்டில் அந்த 12-ஆவது விலக்கை, 2017 சட்டத்தோடு வைத்துப் பார்த்துத் திருத்தவேண்டும்.

"மாத்திரையும் ஒரு போதைதான், அதையும் விடு" என்று சக நோயாளிகள் சொல்வதை நிறுத்தவேண்டும். யாரும் மருத்துவர் வேடம் போடக்கூடாது என்று ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பே தன் உறுப்பினர்களுக்குச் சொல்கிறது.

நம்பிக்கை தரும் விஷயங்களும் உண்டு. நிம்ஹான்ஸில் போதை சிகிச்சைப் பிரிவு மனநல மருத்துவத்தோடு சேர்ந்தே இயங்குகிறது. தமிழ்நாட்டிலும் 2025-ல் அரசு மருத்துவமனைகளில் 'கலங்கரை' என்ற பெயரில் ஒருங்கிணைந்த போதை மீட்பு மையங்கள் தொடங்கப்பட்டன. பெயர் நன்றாக இருக்கிறது. கலங்கரை விளக்கம் கப்பலைப் பார்த்து "நீ எந்த ஊர்க் கப்பல்?" என்று கேட்டுவிட்டு வெளிச்சம் தருவதில்லை. எல்லாக் கப்பலுக்கும் ஒரே வெளிச்சம்தான். அந்தப் பெயருக்கு ஏற்ற மாதிரி நடந்தால் போதும்.

அன்று அந்தத் தாய் மஞ்சள் பையோடு வந்து நிற்கும்போது, வாசலில் இருப்பவர் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்தான்.

"உள்ள வாங்கம்மா... ரெண்டையும் இங்கயே பார்த்துக்கலாம்."